பழசு வைத்த புதுப் பெட்டி

14 நவம்பர் 1972, செவ்வாய்

திருகின் மூலைகள் மழுங்கியிருந்தன. பிரேக் சிலிண்டரில் காற்று இறக்குகிற சின்னத் திருகு. வெள்ளைப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஸ்பேனர் படாத திருகு மழுங்காது. பெட்டியின் மேல் மட்டும் ‘ஜெனுவின்’ என்று கொட்டை எழுத்து.

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

அந்தப் பெட்டியில் தப்பு ஒன்றுமில்லை. எங்கள் கார் சாமான் கடையில் அப்படித்தான். புது சாமான் வாங்குகிறவர், கழற்றிய பழசைத் தந்துவிட்டுப் போவார். புதுசு வந்த பெட்டியிலேயே அந்தப் பழசைப் போட்டு, கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள உள் அறையின் அடித்தட்டில் வைப்பார் வாப்பா. லேத் கடைக்காரர் வந்து எடுத்துப்போய்த் திருத்திக்கொண்டு வருவார். கப்பலில் சாமான் வருவது குறைந்த பிறகு பழசுக்கும் மரியாதைதான்.

என் வேலை அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைப்பது. உள்ளே இருக்கும் ரப்பர் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுப்போகும். எப்படியும் லேத் கடையில் அதை வீசிவிடுவார்கள்.

பெட்டிகளில் பார்த்த பெயர்கள், மறக்காமலிருக்க:

ஜெனுவின் – கார் செய்த கம்பனியே தந்தது.
ரீப்ளேஸ்மென்ட் – வேறு கம்பனி செய்தது, ஆனாலும் புதுசு. மட்டமான சாமான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.
ரீகண்டிஷன் – பழசு. உள்ளே திருத்தியது.
எக்ஸ்சேஞ்ச் – பழசைக் கொடுத்தால்தான் தருவார்கள்.
ஸ்டாண்டர்ட் – உயர்ந்த தரம் இல்லை. முதல் அளவு, அவ்வளவுதான். தேய்ந்த எஞ்சினுக்கு ஓவர்சைஸ்.

கழுவி வைத்து, இன்னும் திருத்தாமல் இருப்பதற்குப் பெயர் எதுவும் இல்லை.

15, புதன்

வாப்பா கொழும்புக்குப் போனார். ஞாயிறுதான் வருவார். கடையில் மச்சான் தனியாக.

மச்சான் முன்பு துணிக்கடையில் நின்றவர். என் மூத்தவள் ராத்தாவைக் கட்டி இங்கே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவரோடு நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தேத்தண்ணீரைக் கதவுத் திரைக்குக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நிறுத்தியதிலிருந்து கடைப் பக்கம் போனதும் இல்லை.

பின்னேரம் அருளப்பு அண்ணனின் குரல். வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுபவர். ராத்தாவின் கல்யாணத்துக்கு ஓடியதும் அவருடைய மைனர் கார்தான்.

“என்னா புது மொதலாளி, பிரேக் சிலிண்டர் ஒண்ணு குடுங்க. கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கேன், இல்லன்னு சொல்லிறாதீங்க.”

“மேல் தட்டுல முடிஞ்சி. இருங்க, உள்ளுக்கு பாத்துட்டு வாரேன்.”

நான் குசினிக்குள், அடுப்பு வேலைக்குப் போய்விட்டேன். மச்சான் உள் அறைக்கு வந்து போனது மட்டும் தெரிந்தது. பிறகு சிரிப்புச் சத்தம்.

“ஜெனுவின் சாமான் அண்ணே. பெட்டியப் பாருங்களே.”

உம்மா மீன் கழுவச் சொன்னார். கழுவினேன். கீரை கசந்தது, யாருக்கும் பிடிக்கவில்லை.

16, வியாழன்

அடித்தட்டில் அந்த வெள்ளைப் பெட்டி இல்லை.

எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். இல்லை. நேற்று மச்சான் அருளப்பு அண்ணனுக்குக் கொடுத்தது அதைத்தான். துணிக்கடையில் மேல் உறையில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கும். மச்சானுக்கு வேறு எப்படித் தெரியும்? அடித்தட்டு விஷயத்தை வாப்பா அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் சொல்ல மறந்திருப்பார்.

நான் அவ்வளவு பளபளப்பாகத் துடைத்திருக்க வேண்டாம்.

ராத்தாவிடம் சொன்னேன்.

“ஒனக்கு என்ன தெரியும் சாமானப் பத்தி?”

“நான்தானே கழுவின.”

“வந்து ரெண்டு மாசம் ஆகல்ல, மனுசனுக்குக் கள்ளன் பட்டம் கட்டப் போறியா? வாய மூடிட்டு இரி.”

கள்ளன் என்று நான் சொல்லவில்லை. ராத்தா அழுதாள். எனக்கும் அழுகை.

உம்மா: “வாப்பா வரட்டும். ஞாயித்துக்கெழம சொல்லலாம்.”

ஞாயிறு வரை அந்தக் கார் ஓடாமல் நிற்குமா?

மழை விடவில்லை. ரத்தோட்டைப் பக்கம் மண் சரிந்திருக்கிறதாம், பால்காரர் சொன்னார். சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன்.

17, வெள்ளி

ஜும்மா முடிந்து மச்சான் கடை திறந்த சற்று நேரத்தில் மைனர் வந்து நின்றது. சத்தத்திலேயே தெரியும். ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் நின்றேன்.

“மொதலாளி, பெடல விட்டாலும் பிரேக் விடுறதில்லயே. முன் சில்லு டயரோட அடுப்பு மாதிரி காயுது.”

“புதுசு தானே அண்ணே. புதுசு இறுக்கமாத்தான் இரிக்கும். ஓட ஓட சரியாகும்.”

பொய் சொல்லவில்லை அவர். அப்படித்தான் நம்புகிறார்.

“அதுவும் சரிதான். என் சப்பாத்தும் அப்புடித்தான் கடிச்சிச்சு. நம்மளப் பாத்தா எல்லாத்துக்கும் கோவம்.” அருளப்பு அண்ணன் சிரித்தார். “நாளைக்கு லக்கலைக்கு ஹயர். கல்யாண வீட்டு ஆளுங்க, சின்னப் புள்ளைங்களும் வாராங்க. அதான் கேட்டுட்டுப் போக வந்தேன்.”

லக்கலைப் பாதையில் நான் ஒரு தரம் போயிருக்கிறேன். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை, கீழே மரங்களின் தலைதான் தெரியும்.

மச்சானைக் கூப்பிடப் பார்த்தேன். இதுவரை பேசாதவரை என்னவென்று கூப்பிடுவது? ராத்தா பின்னால் வந்து என் தாவணியைப் பிடித்தாள்.

“சரி மொதலாளி, வாரேன் அப்ப.”

திரையைத் தள்ளிக்கொண்டு போனேன். வெளிச்சம் கண்ணில் குத்தியது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேசையில் கார்ச் சாவி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து அறைக் கதவைத் தாழ் போட்டேன்.

“என்ன வேல இது!” மச்சான் கதவுக்கு வெளியே. என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

அருளப்பு அண்ணன் கடைக்குள்ளிருந்து: “அடி ஆத்தா, தங்கச்சி! கார நீ ஓட்டப் போறியா?”

ராத்தா கதவைத் தட்டினாள். உம்மா தட்டினார். கதவோடு முகத்தை ஒட்டி நின்றேன். மரத்தைப் பார்த்துப் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

“அது புதுசில்ல. கழட்டிப் போட்ட பழசு. நான்தான் மண்ணெண்ணெயில கழுவி அந்தப் பெட்டியில வெச்ச. உள்ளுக்கு ரப்பர் ஊதி இரிக்கும். ஓட ஓட இன்னம் இறுகும், விடாது. மச்சானுக்குத் தெரியாது. யாரும் அவருக்கு சொல்லல்ல.”

கேட்டிருக்காதோ என்று, இன்னும் உரக்க, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். பிறகு சாவியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.