குப்பை இல்லாமல் போன நாள்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் அவ்வளவு நலமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். ஏதாவது குறை இருந்தால் மறைக்காமல் எழுது, இனிமேல் உன் கடிதத்தை நானே படிப்பேன், நடுவில் யாரும் கிடையாது.

ஆமாம் கண்ணு, இது நானே என் கையால் எழுதுவது. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் முனைத்தெரு தையல்காரர் எழுதியது என்று உனக்குத் தெரியும். தபாலில் போட மறந்த பழைய கடிதம் ஒன்று அலமாரியில் கிடைத்தது, எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். அதில் மாப்பிள்ளையின் தோள் அளவையும் கை நீளத்தையும் உடனே எழுதி அனுப்பு என்று நான் உன்னைக் கேட்டிருக்கிறேன். நான் எப்போது கேட்டேன்? உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னதை விட்டுவிட்டு அந்த மனுஷன் தன் வியாபாரத்தைப் பார்த்திருக்கிறார். போகட்டும், நல்ல தையல்காரர். உன் அண்ணிதான் எனக்கு வாத்தியார். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துவிட்டு அலுத்து வருவாள், வந்ததும் சமையலறை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டி என்னைப் படிக்கச் சொல்வாள். சர்க்கரை என்று திக்காமல் படிக்கும் வரைக்கும் எனக்குச் சர்க்கரை இல்லாத காப்பிதான். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன், ஒரு பக்கம் முடிவதற்குள் காப்பி ஆறி, அம்மா அதைச் சூடுபண்ணி, அதுவும் ஆறிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் வந்து உட்காரும்போது எனக்குள் வருகிற சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

போன மாதம் போனில் அழுதுகொண்டே கேட்டாய். குப்பைமேட்டை மூடப்போகிறார்களாமே, குப்பை பிரிக்கிற வேலையும் போய்விடும், இந்த வயதில் வேறு எங்கே போய்க் கை நீட்டுவீர்கள், இரண்டு பேரும் என்னோடு வந்து இருந்துவிடுங்கள் என்றாய். யோசித்துக் கடிதத்தில் சொல்கிறேன் என்றேன். பதில் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்வேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

மேடு நிரம்பிவிட்டது, இனி அதன்மேல் ஒரு பழத்தோல் வைக்கவும் இடமில்லை என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. இயந்திரம் அவர்களுடையது, நிலம் நகராட்சியுடையது, நடத்துவது உள்ளூர் கான்ட்ராக்டர், மூன்று பேரும் கூட்டு. இயந்திரம் என்றால் நீளமாக ஓடும் ஒரு பெல்ட், அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று காய்ந்த குப்பையைக் கையால் எடுத்துவிட வேண்டும், மிஞ்சுகிற ஈரக் குப்பை கடைசியில் அரைபட்டு ஒரு பெரிய தொட்டிக்குள் போய்விடும். அங்கே அது ஊறி ஊறி எரிவாயு விடுமாம். இயந்திரத்துக்காகப் போட்ட கொட்டகையில் கூட்டம் கூட்டி இதை விளக்கியபோது உன் அம்மா எழுந்து, நிறையத் தின்றுவிட்டு வாயு விடுவதற்கு இவ்வளவு செலவு எதற்கு, என் வீட்டுக்காரர் இதைச் சும்மாவே செய்கிறாரே என்று சொல்லிவிட்டாள். கொட்டகையே சிரித்தது. அவர்கள் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல ஒரு பெண் வந்திருந்தாள், அவள் அதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அம்மா லேசுப்பட்டவளா? குப்பை பிரிக்கிறவர்களின் சங்கத்துக்குத் தலைவி இல்லையா? அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பெல்ட் பக்கத்தில் நிற்கப்போவது எங்கள் ஆட்கள்தான் என்று பேசி முடித்துவிட்டாள். எனக்கு வாசல் வேலை. வருகிற வண்டியில் எந்தத் தெரு என்று எழுதியிருக்கும், அதைப் படித்து எந்தக் குழியில் குப்பையை இறக்க வேண்டும் என்று கை காட்ட வேண்டும். நான் எழுத்து கற்கத் தொடங்கியதே அந்த வாசலுக்காகத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒருநாள் நம் வட்டத்துக் குப்பையை நேராகக் கொண்டுவந்து பெல்ட்டில் கொட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். வெளிநாட்டு என்ஜினியர் நின்று பார்ப்பார், பிடித்தால் கையெழுத்து, பிடிக்காவிட்டால் இயந்திரம் அடுத்து வரிசையில் நிற்கும் ஊருக்குக் கப்பலேறிவிடும். மேடு எப்படியும் மூடப்படும். ஆக அந்த ஒரு நாளில்தான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. சிரித்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லாதே. என்ஜினியர் வருகிறார், தெருவெல்லாம் குப்பை இறைந்து கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, கறுப்புப் பெயின்ட் வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன். "வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். அதுவரை யாரும் குப்பை போட வேண்டாம்." நான் நினைத்தது ரோட்டில் போட வேண்டாம் என்று. ரோடு என்பதை எழுத அட்டையில் இடம் இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நன்றாக இருக்கிறது, ஆனால் பாதி மூஞ்சியில் பெயின்ட் இருக்கிறது என்றாள். அண்ணி வெளியூர் பஸ்ஸில் போயிருந்தாள், இருந்திருந்தால் எங்கே போட வேண்டாம் என்று கேட்டிருப்பாள். விளக்குக் கம்பம் கம்பமாகக் கட்டிவிட்டு, எதிரே நின்று யாராவது படிக்கிறார்களா என்று பார்த்தேன். படித்தார்கள் கண்ணு. நான் எழுதியதை ஊரே நின்று படித்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

நகராட்சி இத்தனை வருஷமாகச் சுவர் சுவராக ஒட்டிய நோட்டீசை யாரும் மதித்ததில்லை. என் அட்டையை மதித்துத் தொலைத்தார்கள். சலூன்காரர் வெட்டிய முடியை மூட்டை கட்டி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஓட்டல்காரர் மிச்சத்தையெல்லாம் வாளியில் நிரப்பி மச்சினி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மச்சினி பேசுவதை நிறுத்திவிட்டாளாம், அது தனிக் கதை. வருகிறவர்கள் குப்பையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இருந்தாலும் விருந்தாளிக்கு முன்னால் குப்பையோடு நிற்க யாருக்கு மனசு வரும், சொல்லு.

அன்று காலை எல்லோரும் தலைவாரி, துவைத்த துணி உடுத்திக் கொட்டகை வாசலில் நின்றோம். என்ஜினியர் ஒரு அம்மா, நல்ல உயரம், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் முகமூடி, கையில் உறை. போருக்கு வந்தவர் மாதிரி தயாராக வந்திருந்தார். முதல் வண்டி வந்தது, உள்ளே காய்ந்த இலை கொஞ்சம். இரண்டாவது வண்டி காலி, தள்ளிக்கொண்டு வந்தவர் வண்டியையே கழுவிக் கொண்டுவந்திருந்தார். மூன்றாவதில் ஒரே ஒரு பொட்டலம், நம் எதிர்வீட்டு அக்கா கொடுத்தது. என்ஜினியர் அம்மா பிரித்துப் பார்த்தார். வெங்காயத் தோல், காய்கறித் தோல், எல்லாம் அலசி, உலர்த்தி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. அவர் ஏதோ கேட்டார். பேச்சு மாற்றும் பெண் பொட்டலத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கழுவினீங்களான்னு கேக்கறாங்க" என்றாள். எதிர்வீட்டு அக்கா பெருமையாக, ரெண்டு தண்ணி என்றாள்.

பெல்ட் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நகராட்சி ஆபீசரைப் பார்த்து, உங்கள் ஊரில் குப்பையே கிடையாதா என்று கேட்டார். ஆபீசர் பாவம். அவர் உத்தியோகம் பூராவும் மேலிடத்துக்கு ஊர் சுத்தமாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்று எழுதி அனுப்பியே காலம் தள்ளியவர். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "இல்லீங்க மேடம், சத்தியமா எங்க ஊர் ரொம்ப அழுக்கு மேடம், நம்புங்க" என்றார். கான்ட்ராக்டர் ஓடிப்போய்த் தெருவைப் பார்த்துவிட்டு என் அட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "யாருய்யா இதை எழுதினது?" என்று கத்தினார். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். ஆனாலும் என்னையறியாமல் "நான்தாங்க. எழுத்து நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுற்றிலும் பார்த்தேன், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருவரும் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. உன்னோடு வந்து உன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் கிழவனாக என்னை நானே பார்த்தேன். மேட்டில் கிடப்பது மக்கிப்போனது, உதவாது, எந்தத் தெருவின் புதுக் குப்பையானாலும் சரி, மத்தியானம் வரைக்கும் காத்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். உன் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வட்டத்துக்கும் நமக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும். அவர்கள் குப்பையை நம் கரையில் கொட்டுவார்கள், நாம் நம்முடையதை அவர்கள் கரையில் கொட்டுவோம், பிறகு இரண்டு பக்கமும் நின்று கத்துவோம். அங்கே எல்லாம் டீக்கடைக்காரி வைத்ததுதான் சட்டம். அம்மா போய், அக்கா, கொஞ்சம் குப்பை வேணும் என்றாள். டீக்கடைக்காரி வடிகட்டிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினாள். "இத்தனை வருஷமா எங்க குப்பையைப் பார்த்தாலே மூக்கைப் பொத்துவீங்க. இன்னைக்கு என்ன திடீர்னு பாசம்? அதுல என்ன இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லை, வெறும் குப்பைதான் என்று அம்மா சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம் பலமானது. அவள் ஆட்கள் குப்பைத்தொட்டிகளைச் சுற்றிக் காவல் நின்றுவிட்டார்கள். ஒருவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, நம்மகிட்ட இவ்வளவு இருந்திருக்கு, தெரியாமப் போச்சே என்றார்.

கடைசியில் அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். இயந்திரம் போனால் எங்களுக்கு வேலை போகும், உங்கள் தெரு வழியாக வெளியூருக்குக் குப்பை லாரி போகும், யோசித்துக்கொள் என்றாள். டீக்கடைக்காரி யோசித்தாள். பெல்ட்டில் பாதி இடம் எங்களுக்கு என்றாள். காலை முறை நம் ஆட்கள், மாலை முறை அவர்கள் ஆட்கள் என்று முடிந்தது. அதோடு விட்டாளா, வாசல் வேலை என் தம்பிக்கு வேண்டும், அவன் நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா சரி என்றுவிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சர்க்கரை இல்லாமல் காப்பி குடித்துச் சம்பாதித்த வேலையை உன் அம்மா ஒரு நொடியில் குப்பைக்கு மாற்றிவிட்டாள்.

வண்டி வண்டியாக அந்தக் குப்பை பாலத்தின்மேல் வந்தபோது அடித்தது பார், அப்படி ஒரு நாற்றம். என் ஆயுளில் ஒரு நாற்றத்துக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ஜினியர் அம்மா முகமூடியை ஏற்றிக்கொண்டு முதல் முறையாகச் சிரித்தார், சிரித்தது கண்ணில் தெரிந்தது. பெல்ட்டின் ஒரு பக்கம் நம் ஆட்கள், மறுபக்கம் அவர்கள், கால்வாயின் இரண்டு கரையைப் போலவே நின்றார்கள், ஆனால் கத்தவில்லை, கை ஓடியது. நடுவில் டீக்கடைக்காரியின் காணாமல் போன கரண்டி ஒன்று பெல்ட்டில் வந்தது. இதற்குத்தானா என் குப்பை வேண்டும் என்றீர்கள் என்று அவள் பிடித்துக்கொண்டாள், கரண்டியையும் சண்டையையும். அம்மா அவளைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் கையெழுத்து ஆகிவிட்டது.

எல்லோரும் கொண்டாடினார்கள், நான் வாசலில் போய் உட்கார்ந்தேன். இன்னொருவருடைய வாசல். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "உங்க ஒரு வேலையை வச்சு எத்தனை வேலையைக் காப்பாத்தினேன், கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது. அப்போது என்ஜினியர் அம்மா, பேச்சு மாற்றும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, என் அட்டையைக் கையில் பிடித்தபடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர்கள் ஊரில் எத்தனையோ வருஷமாக அறிவிப்பு வைக்கிறார்களாம், ஒருவரும் கேட்பதில்லையாம், ஒரு அட்டைக்கு ஒரு வட்டமே அடங்கியதை இப்போதுதான் பார்க்கிறாராம். இனி எல்லாத் தெருவுக்கும் தொட்டிக்குத் தொட்டி பலகை வேண்டும், இவரே எழுதட்டும், பெயின்ட்டில் எழுதுமுன் வாசகத்தை யாராவது ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்றார். கடைசிப் பேச்சு கொஞ்சம் அதிகப்படி, ஆனாலும் நியாயம்தான். ஆக இப்போது உன் அப்பா பலகை எழுதுகிறவர். ஈரக் குப்பை இங்கே, காய்ந்த குப்பை இங்கே. அண்ணி படித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் பெயின்ட்டைத் தொடுவேன். ஆபீசர் தன் பெயரையும் கீழே சேர்க்கச் சொல்கிறார், இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே கண்ணு, நாங்கள் உன்னோடு இருக்க வரவில்லை. பார்க்க வருகிறோம், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பிவிடுவோம், இங்கே வேலை கிடக்கிறது. இதற்காக நீ வருத்தப்படக் கூடாது. உன் அம்மா காலையில் பெல்ட்டில் அதட்டுவதைக் கேட்டால் நீயே சரி என்பாய். சளிக்கு வெந்நீர் குடி, ராத்திரி தலைக்குக் குளிக்காதே, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துவிடு. பதிலை உன் கையால், பெரிய எழுத்தாக எழுது. போனில் பேசினால் காற்றோடு போய்விடுகிறது, கடிதத்தை மறுபடி மறுபடி படிக்கலாம். மாப்பிள்ளையின் தோள் அளவையும் எழுதிவிடு, தையல்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

நீங்கள் மூவரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை என்றைக்காவது எறிவதாக இருந்தால் காய்ந்த குப்பையில் போடு. படித்து அழாதே, நனைந்துவிட்டால் எந்தத் தொட்டியில் போடுவது என்று உனக்குக் குழப்பம் வரும். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் ஏற்கனவே ஒரு மூலையை நனைத்துவிட்டாள். அதனால் எறியாமலே வைத்துக்கொள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா
(தானே எழுதியது)