இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது கமுகு

மகள் உலகம்மாளுக்கு அப்பா சொல்ல, நம்பிராஜன் எழுதுவது. மலையாளத்தை முக்கியெடுத்த கொல்லம் தொண்ணூத்தொன்பது வெள்ளம் வந்ததே, உனக்குக் காது குத்தின வருஷம், அந்த ஆடியிலேதான் குற்றாலத்து அடிவாரத்தில் நாங்கள் பத்துப் பேர் கூட்டாகக் கமுகு வைத்தோம். கொழும்பில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கணும். இங்கன எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு இடத்தில் உட்காரவிடாமல் விரட்டுது.

தண்ணீர் பாய்ச்சுற கைக்குத்தான் காய், செத்தவன் பங்கு இருக்கிறவனுக்கு, கடைசி ஆளுக்கு முழுசும், இதுதான் எங்கள் பேச்சு. பங்கு வைக்கையில் மரம் மிஞ்சினால் அடிதடி வருமே என்று கூட்டாளி பால்வண்ணநாதன் புளியங்கொட்டையைப் பரப்பி உட்கார்ந்தான். முந்நூற்றறுபது, ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாத்துக்கும் ஒத்துவந்தது, ஏழுக்கு மட்டும் இடறிச்சு. அப்போ அதை ஏழு மடங்காக்கு என்றான். இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது. பத்துப் பேரோ ஒன்பதோ எட்டோ, எத்தனை பேர் இருந்தாலும் மரம் மிஞ்சாது, இதைவிடச் சின்ன எண்ணுக்கு அந்தக் குணம் கிடையாதாம். ஒன்று சாய்ந்தால் அன்றைக்கே கன்று வைத்து எண்ணிக்கையைக் காத்தோம். முதலில் போனதும் அவனே. ஏழு பேரானபோது ஆளுக்கு முந்நூற்றறுபது விழுந்தது, அவன் பரப்பின அதே கொட்டைக் கணக்கு, நான் தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போ நானும் மசூதும் ரெண்டே பேர். அவன் மலைக்காய்ச்சலில் கிடக்கான். அவனுக்குப் பிறகு எல்லாம் எனக்கு, எனக்குப் பிறகு உனக்கு என்று எழுதியிருந்தாய். ஏட்டி, ஒருத்தருக்கென்றால் எந்த எண்ணும் மிச்சமில்லாமல்தானே போகும், அதுக்கா பால்வண்ணநாதன் அம்புட்டுக் கொட்டை எண்ணினான்? பத்து வீட்டுக்கும் திரும்பப் பிரித்துவிட நானும் மசூதும் பேசி வைத்திருக்கோம். எங்களுக்கு ஏலாமல் போனதிலிருந்து தண்ணீர் பாய்ச்சுறது இலத்தூர் மாடத்தி, பேச்சுப்படி அவளுக்கும் ஒரு பங்கு. பதினொன்றாய்ப் பிரித்தால் ஆளுக்கு இருநூற்றிருபத்தொன்பது, ஒரு மரம் மிஞ்சுது. இத்தனை காலமும் மிஞ்சாத மரம். எனக்குச் சோறு இறங்கலை. மசூது காய்ச்சலோடு சிரிக்கான், ஏலே, நம்ம ரெண்டு பல்லுப்போன வாய்க்கு ஒரு மரம் காணாதா என்கான்.

உனக்குப் பங்கு குறையும், தெரியும். நீ சம்மதிக்காவிட்டால் நாளைக்கு மருமகன் கோர்ட்டுக்குப் போவார் என்று மற்ற வீட்டார் பயப்படுதாங்க. பத்து வீட்டார் முன்னால் மசூதும் வாய்திறந்து சொல்லணும், அதுக்குள்ளே உன் பதில் வரணும் தாயி. அவன் முந்திப் போயிட்டால் பழைய பேச்சுப்படி அம்புட்டும் என் தலையில் விழுந்திடும்.

குற்றாலநாதர் உன் குடியைக் காக்கட்டும். சின்னவனைக் கடல்பக்கம் விடாதே. சரி என்று ஒரு வார்த்தை போதும், இன்றைக்கே தபாலில் போடு.

இப்படிக்கு, கமுகு வைத்த பத்துப் பேரில் இன்னும் நடமாடுற உன் அப்பா சுடலையாண்டி, பெருவிரல் ரேகை.
மூச்சு மட்டும் ஓடுற இன்னொருத்தன், மசூது.