கூட்டேரிப்பட்டில் நீ இறங்கிப் போனாய்

இன்று காலை எதிர்வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. மாலை போட்டு, பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த வாசனை தெருவைத் தாண்டி என் சமையலறை ஜன்னல்வரை வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நம் பழங்கள் நசுங்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு லைசென்ஸ் வந்த வெள்ளிக்கிழமை. நீயே நான்கு பழங்களையும் வைத்துவிட்டு, வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் பயபக்தியோடு கியரைப் போட்டேன். கார் பின்னால் போய்ப் பூந்தொட்டியை உடைத்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “எலுமிச்சம்பயம் நாலும் பொயைச்சிக்கிச்சிடி கலா! எடுத்துக்கினு வா, ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்” என்றாய். உனக்கு அளந்துதான் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டாய்.

திண்டிவனத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தோம். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி உன்னுடையது. உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, செவ்வாயும் சனியும் விழுப்புரத்துக்கு டயாலிசிஸ் போக வேண்டியதாயிற்று. உன் வீட்டுக்காரர் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே எங்காவது லோடோடு இருப்பார். பிள்ளைகள் இல்லை. போகும்போது பஸ்ஸில் சமாளித்துவிடுவாய். திரும்பி வரும்போது கால் துவண்டுவிடும், கம்பியைப் பிடிக்கக் கையில் தெம்பு இருக்காது. என் வீட்டிலோ, என் வீட்டுக்காரர் மஸ்கட் போவதற்கு முன் வாங்கிப் போட்ட பழைய கார் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் நானேதான் சொன்னேன், “நான் கார் கத்துக்கறேன்டி. உன்னைக் கூட்டிக்கினு போய்க் கூட்டிக்கினு வர்றேன்.” நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

டிரைவிங் ஸ்கூல் கதையை உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. அந்தக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். அவர் மடியில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை வைத்து, கடலைத் தோலை ஊதிக் கொறித்துக்கொண்டே, “சூப்பரா ஓட்றீங்க டீச்சர்” என்பார். இருபது நாளும் கார் ஒருமுறைகூட ஆஃப் ஆகி நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஸ்டாஃப் ரூமில் பெருமையடித்தேன். கடைசி நாள் மாஸ்டர் டீ குடிக்க இறங்கினார். “கொஞ்சம் முன்னாடி எடுத்து நிறுத்துங்க” என்றார். எடுத்தேன். கார் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் நின்றது. இருபது நாளும் ஓட்டியது அவர் கால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் நீ கேட்டாய், “நல்லா வந்துடுச்சாடி?” நான் “பிரமாதமா வந்துடுச்சி” என்றேன்.

பிறகு நம் காரில் நாம் இருவரும்தான் பழகினோம். ஒரு மாதம் ஏரிக்கரை ரோட்டிலும் மயிலம் ரோட்டிலும் சுற்றினோம். பக்கத்து சீட்டில் நீ வெறும் தரையை வலது காலால் அழுத்தி அழுத்திப் பிரேக் போடுவாய். “நானும் சேர்ந்து அடிக்கிறேன், பயப்படாம போ” என்பாய். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். அதற்கும் உன்னிடம் ஒரு பதில் இருந்தது. “ஹாரன் அடிச்சா திட்றாங்கன்னு அர்த்தம் இல்லடி. நான் வந்துக்கினு இருக்கேன்னு சொல்றாங்க, அவ்ளோதான். எங்க ஊட்டுக்காரர் சொல்வாரு.” ஊருக்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மார்க்கெட் தெருவில்கூட ஓட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை முதல்முறையாகப் பெரிய ரோட்டில் ஏறினோம். நீ மடியில் சாப்பாட்டுப் பையோடு, விசேஷ வீட்டுக்குப் போகிறவள் மாதிரி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாய். கூட்டேரிப்பட்டு வரைக்கும் வந்துவிட்டோம். வலப்பக்கம் ஒரு கரும்பு லாரி, பின்னால் ஒரு பஸ். அந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. என் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு என்னால் எடுக்க முடியவில்லை. சாவியைத் திருப்புவேன், உடனே அணைத்துவிடுவேன். இருபது நிமிஷம் அழுதுகொண்டிருந்தேன். உனக்கு மிஷினில் ஏறும் நேரம் தப்பிக்கொண்டிருந்தது.

நீ கோபப்பட்டிருக்கலாம். நீயோ தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, விழுப்புரம் பஸ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினாய். படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு திரும்பிச் சொன்னாய், “நீ பத்திரமா போ. ஊட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் போட்டுடு. இல்லாங்காட்டி எனக்கு அங்க பேஜாரா இருக்கும்.” உடம்பு முடியாதவள் நீ. என்னை நினைத்து நீ கவலைப்பட்டாய்.

அதற்கப்புறம் நான் ஆடிய நாடகம் உனக்கே தெரியும். பேட்டரி டவுன் என்றேன். சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன். டயர் சரியில்லை என்றேன். மூன்றாவது வாரத்திலிருந்து நீ கேட்பதை விட்டுவிட்டாய். ஐந்து மாதம் பஸ்ஸிலேயே போய் வந்தாய். திங்கட்கிழமைகளில் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். நீ எப்போதும்போலப் பக்கத்து நாற்காலியைத் தட்டி உட்காரச் சொல்வாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில் போன் வந்தது. டயாலிசிஸ் சென்டரில் வேலை செய்யும் பெண். “அவங்க கடைசியா பேசின நம்பர் உங்களுதுங்க. கொஞ்சம் சீரியஸா இருக்காங்க. ஜல்தியா வாங்க மேடம்.” வீட்டுக்கு ஓடி, தார்ப்பாயை இழுத்து எறிந்துவிட்டுக் காரை எடுத்தேன். லாரிகளைத் தாண்டிப் போனேன். பஸ்களைத் தாண்டிப் போனேன். நானும் ஹாரன் அடித்தேன். கூட்டேரிப்பட்டு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. விழுப்புரத்தில் அந்தச் சந்துக்குள் இரண்டு ஆம்புலன்ஸுக்கு நடுவில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். உள்ளே போனபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

இதயம் நின்றுவிட்டது, யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். பஸ்ஸில் போனதால் நீ சாகவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எத்தனை சாயங்காலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்திருப்பாய் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இப்போது நான் எங்கு வேண்டுமானாலும் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மெச்சுகிறார்கள். பக்கத்து சீட் காலியாகக் கிடக்கிறது. இந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போன மாதம் உன் இறப்புச் சான்றிதழ் விஷயமாக உன் வீட்டுக்காரரை விழுப்புரம் கூட்டிப் போனேன். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதர், நான் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் மெதுவாகச் சொன்னார், “நல்லா ஓட்றீங்க டீச்சர். அவ சொன்னது சரிதான்.”

“என்னண்ணே சொன்னா?”

“நான் லாரிய உட்டுட்டு ஊட்டோட இருந்துடறேன், நானே கூட்டிக்கினு போறேன்னு சொன்னேங்க. ‘வாணாம், கலாதான் வாராவாரம் கார்ல கூட்டிக்கினு போறா, காலை நீட்டிக்கினு தூங்கிக்கினே வர்றேன்’னா. அந்த நம்பிக்கையிலதான் நான் லோடு எடுத்துக்கினு போய்க்கினு இருந்தேன். நீங்க பண்ணத மறக்க மாட்டேங்க.”

வண்டியை நிறுத்தி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அந்த மனிதருக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.