பலாப் பலகைக் கட்டில்

மே 17, சனி

காலையில் வெயில். பதினொரு மணிக்கு மேல் கேரளாப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. மழைக்கு இன்னும் இரண்டு வாரம். பந்தலூர் மழை பிடித்துவிட்டால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் சிமெண்டுத் தரை வியர்க்கும். பாயைத் தூக்கினால் அடியில் புழு. போன வருஷம் அது வெறும் அசிங்கம். இந்த வருஷம் அந்தத் தரையில் என் வீட்டுக்காரர் கிடக்கிறார்.

பிப்ரவரியில் ஃபேக்டரிக் கூரைத் தகரம் மாற்றப் போய் விழுந்தவர். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். முதுகில் படுக்கைப் புண் இரண்டு.

தோட்டத்துக் கம்பவுண்டர் வந்து மருந்து வைத்தார். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, ஈரத் தரையில போட்டு வெச்சீங்கன்னா இந்த மழையத் தாங்க மாட்டாருங்க. எப்படியாச்சும் ஒரு கட்டில் பாருங்க."

இரும்புக் கட்டில் தருவதாக ஆபீசில் சொல்லி ஒரு மாதம். கிளார்க்கிடம் மறுபடி கேட்டேன். "எழுதிப் போட்டிருக்கு." எழுதிப் போட்ட காகிதத்திலா அவரைப் படுக்க வைப்பது?

மாட்டுக் கொட்டகைப் பரணில் ஒரு பலாப் பலகை இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு அவர் காயப் போட்டது. நானே செய்யப் போகிறேன். சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, ஜூன் 1 வரை.

மே 18, ஞாயிறு

சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியமும் அவள் புருஷன் ராசுவும் பலகையை இறக்கித் தந்தார்கள். ராசுவுக்கே மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் நேர் விளிம்பு, மறுபக்கம் மரத்தின் வளைவு அப்படியே, பட்டையோடு. இரண்டு விரல் கனம். ஏழடிக்குக் கொஞ்சம் மேல். அகலம் இரண்டேகால் அடி, ஒருவர் படுக்கப் போதும். ஒரு நுனியில் ஒரு சாண் வெடிப்பு. அதை அறுத்துத் தள்ள வேண்டும்.

அவருடைய பெட்டியைத் திறந்தேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

கைவாள் 1
இழைப்புளி 1
உளி 3 (பெரிசு, நடு, சின்னது)
கொட்டாப்புளி
மூலைமட்டம்
தீட்டுக்கல்
பென்சில் துண்டு, பல்லால் கடித்தது

சிலோனில் தச்சு வேலைக்காரரை பாஸ் என்பார்கள். கப்பலேறி வந்து எட்டு வருஷம், இங்கேயும் இவர் பாஸ்தான். பாஸ் பெண்டாட்டி பெட்டியைத் தொட்டால் பாஸுக்குப் பொறுக்குமா?

"கீழ வை. நீ செஞ்சி நான் படுக்கிறதா? பேசாம சவப்பெட்டியா அடி. ஒரே வேலையா முடிஞ்சிரும்."

"அதுக்கு மூடி வேணும். எனக்கு மூடி செய்யத் தெரியாது" என்றேன்.

ராசு சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வெளியே போய்விட்டான்.

மே 20, செவ்வாய்

வாசலில் இரண்டு கல் அடுக்கி அதன்மேல் பலகை. வெடித்த நுனியை அறுத்தேன். மூன்று மணி நேரம். உள்ளங்கையில் கொப்புளம். கொழுந்து பறித்துக் காய்த்த கை என்று பேர்தான், வாள் பிடிக்கும் இடம் வேறு.

உள்ளேயிருந்து கத்தல்: "கோணுது! கை முட்டிய ஒடம்போட ஒட்டி வை!"

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எப்படித் தெரிகிறதாம்?

"சத்தம் கேக்குதே. நான் என்னா செவிடா?"

குனிந்து பார்த்தேன். கோணியிருந்தது. எரிச்சலாக வந்தது.

ரேஷன் மண்ணெண்ணெய் நாளை. மறக்கக் கூடாது.

மே 21, புதன்

பட்டையை உரித்தேன். மழுங்கிய உளி பலாவில் வழுக்குகிறது. கேட்க மனமில்லாமல் கேட்டேன், தீட்டித் தருவீர்களா என்று. ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்தேன். கல்லில் தண்ணீர் விட்டு உளி மூன்றையும் தீட்டினார். இரண்டு மணி நேரம். முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தார். "ம். இப்ப சரி." பிறகு தானாகவே தேத்தண்ணி கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவராகக் கேட்ட முதல் பொருள்.

அடுப்படியில் போய் அழுதேன். சந்தோஷம்தான்.

மே 23, வெள்ளி

மோசமான நாள்.

கம்பவுண்டர் பலகையைப் பார்த்தார். நல்ல மனிதர், வாய்தான் பெரிசு. "நடுவுல வட்டமா ஒரு ஓட்டை போட்ருங்க. அடியில வாளி வெச்சா உங்களுக்குச் சுளுவா இருக்குமுங்க." உள்ளே கிடந்தவருக்குக் கேட்டுவிட்டது.

கம்பவுண்டர் போனதும்: "ஓட்டை போட்டா அதுல படுக்க மாட்டேன்."

"போடாட்டி?"

"போடாட்டி என்னா? இப்ப நடக்கிற மாதிரி நடக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "மூணு மாசமா அள்ளுறது நானு. நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன். வாயை அடைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்புவது என்றால் தலை மட்டும். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. சாயங்காலம் இழைத்தபோது நாருக்கு எதிராகத் தள்ளிவிட்டேன், ஒரு முழம் பிய்ந்து வந்தது. அந்தச் சத்தம் செத்தவனுக்கும் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஓட்டை போட மாட்டேன். சாகும்வரை அள்ளுகிறேன். இதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

மே 26, திங்கள்

மூடாப்பு. கட்டில் கால் நான்கும் தயார். சவுக்குக் கம்பம், ஒன்றரை அடி உயரம். பலகையில் நான்கு துளை குடைந்து, காலின் தலையை ஒடுக்கி அதில் இறக்கி, மேலே ஆப்பு அடிக்க வேண்டும். ஒரு துளைக்கு அரை நாள்.

தீட்டுவது மட்டும் தினமும் நடக்கிறது. அவராகப் பேசுவதில்லை. உளியை வாங்கிக்கொள்வார், தீட்டுவார், தருவார்.

சின்ன உளியைக் காணோம். சீவல் குப்பையைக் கிளறினேன், பலகைக்கு அடியில், பெட்டியில். அவரைக் கேட்டதற்கு, "குப்பையோட கூட்டித் தள்ளியிருப்ப." தள்ளியிருப்பேன். என் கவனம் அப்படி. நடு உளியாலேயே குடைகிறேன்.

மே 28, புதன்

கால்களை இறக்கினேன். பாக்கியம் பிடித்துக்கொண்டாள். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தேன், படுத்தபடியே அவருக்கு வாசல் தெரியும். முதல் ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியை ஓங்கினேன்.

"ஏய்! நிறுத்து! நிறுத்துடி!"

லயமே எட்டிப் பார்த்தது.

"நார் போற பக்கமா வச்சி அடிச்சா பலகை ரெண்டா பொளந்துரும். குறுக்க வை. நாருக்குக் குறுக்க!"

வியர்த்து மூச்சு வாங்கியது அவருக்கு. ஒரு கை போர்வைக்குள். திருப்பி வைத்து அடித்தேன். நான்கும் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்து அந்தப் பழைய குரல் கேட்டதில் திட்டு வாங்கியதுகூட இனிப்பாக இருந்தது.

மே 30, வெள்ளி

உப்புத்தாள். பிறகு தேங்காயெண்ணெய், அதுதான் இருந்தது. பலகை மஞ்சளாக ஒளிர்கிறது. வளைந்த விளிம்பை அப்படியே விட்டிருக்கிறேன், கை பிடிக்க வாகு. ஒரு கால் ஆடுகிறது. கீழே தகரத் துண்டு வைத்தேன்.

எனக்கே நம்ப முடியவில்லை, நான் செய்தது.

மே 31, சனி

விடியற்காலை ஐந்துக்கு மழை பிடித்தது. எட்டு மணிக்குள் தரை கசிந்துவிட்டது. ராசுவும் பாக்கியமும் வந்தார்கள். வைக்கோல் மெத்தை போட்டு வைத்திருந்தேன். ராசு தோள், நான் இடுப்பு, பாக்கியம் கால். ஒரே தூக்கு. கட்டில் முனகவில்லை.

பாக்கியம் பாயைச் சுருட்டப் போனாள். "அக்கா, நீங்க தேடுன உளி. இங்கன கிடக்கு பாருங்க!"

பாய்க்கு அடியில், தலைமாட்டுப் பக்கம். பனியன் துணியில் சுற்றி. துணியை விலக்கினேன். அந்த மாதிரிக் கூர் நான் வேலை செய்த உளி எதிலும் இருந்ததில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாக்கியத்துக்குப் புரியவில்லை. ராசுவுக்குப் புரிந்தது, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

விடாத மழை. காலையில் கேட்டேன்.

"எப்ப எடுத்து வச்சீங்க?"

"அள்ளுறது நான்னு நீ சொன்ன அன்னைக்கு."

"எத்தன தரம்?"

போர்வை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு தரம் கையில எடுத்தேன். ரெண்டாவது தரம், நீ ஆப்பத் தப்பா வச்சிட்டு ஓங்குற. பலகை போயிரும்னு கத்துனேன். அப்புறம் முடியல."

அந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும், என் நாக்கை.

வெளியே வந்தேன். கூரைத் தாழ்வாரத்தில் பலகையின் வெடித்த நுனி, அன்று அறுத்துத் தள்ளிய துண்டு, கிடந்தது. வாளை எடுத்து அறுத்தேன். கோடு போடவில்லை. வேண்டுமென்றே கோணலாக. அவர் கத்துகிறாரா என்று காது முழுக்க உள்ளே. கத்தவில்லை. பாதிவரை அறுத்தேன். கத்தவில்லை. வாளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

கண் திறந்துதான் இருந்தார். "எதுக்கு நல்ல பலகையப் பாழாக்குற?"

"கோணலா போனது கேக்கலியா? ஏன் கத்தல?"

"தெரிஞ்சேதான கோணலா அறுக்குற. அதுக்கு எதுக்கு நான் கத்தணும்?"

இந்த மனுஷனை ஏமாற்ற முடியாது.

சாயங்காலம் உளிகள், அரிவாள்மனை, கத்தி, கயிறு, மண்ணெண்ணெய் டின் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பாக்கியம் காம்பராவுக்குக் கொண்டுபோனேன். லீவு முடிந்தது. நாளை ஏழு மணிக்குப் பிரட்டு, வேலைக்குப் போகுமுன் வரிசையில் நின்று பேர் கொடுத்தே ஆக வேண்டும். அவள் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள், "அப்ப பாஸண்ணே நாளைக்குப் பகலெல்லாம் என்னா செய்வாரு?"

கூரையைப் பார்ப்பார். வேறென்ன?

ஜூன் 2, திங்கள்

ஐந்தரைக்கு எழுந்து சாக்கைத் திரும்ப வாங்கி வந்தேன். "ஒனக்கு என்னா கிறுக்கா?" என்றாள் பாக்கியம். இருக்கலாம்.

புண் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்தேன். அந்தத் துண்டுப் பலகையைக் கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தேன். மூலைமட்டம், பென்சில், உளிகள். தீட்டுக்கல்லும் கிண்ணத்தில் தண்ணீரும்.

"எனக்கு ஒரு முக்காலி வேணும். குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு போகுது. இதுல அளவு போட்டு வைங்க. உளியத் தீட்டி வைங்க, நான் வந்து அறுக்கிறேன்."

உளிகளைப் பார்த்தார். "மூணுமா?"

"மூணும்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. "கோணலா அறுத்த பக்கம் ஆகாது" என்றார். அவ்வளவுதான். பிரட்டுக்கு ஓடினேன்.

இந்த நோட்டைக் கூடையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன், அவர் படிக்கக் கூடாது. ஐந்தாம் நம்பர் மலையில் இருக்கிறோம். இங்கிருந்து லயத்துக் கூரை தெரியும், மஞ்சு விலகினால். லயத்துப் பால்வாடி ஆயா அவரை அவ்வப்போது எட்டிப் பார்த்து, ஏதாவது என்றால் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்கு யாரோ பாதையில் ஓடி வந்தார்கள். கையிலிருந்த கொழுந்தைப் போட்டுவிட்டுப் பாதைக்கு ஓடினேன். வேறு யாரையோ தேடி வந்தவர்கள்.

மணி பன்னிரண்டு. கொழுந்து எடை போட்டாயிற்று. இன்னும் யாரும் வரவில்லை.