முதலில் நீட்டிய கை

2003 ஆவணி, செவ்வாய் இரவு

ஒத்தக்கடை கிளினிக்குக்கு இன்று மலரை அவள் அம்மா அழைத்து வந்தார். கூடவே அவளைக் கட்டப்போகும் தாய்மாமன் செல்வம். மலருடைய அக்காவும் சொந்தத்தில்தான் கட்டினாள். அவள் மகனுக்குத் தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தநோய். மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். அதனால்தான் கல்யாணத்துக்கு முன் இவர்கள் இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

"என் தம்பி ரத்தமும் எங்க ரத்தமும் ஒண்ணுதானே டாக்டரம்மா, இதுல டெஸ்ட் எதுக்கு?" என்றார் அம்மா.

அதனால்தான் எனக்குப் பயமே. இரண்டு பேரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும் என்று விளக்கினேன். மலர் தலை நிமிரவில்லை.

அவர்கள் வெளியே போனதும் செல்வம் மட்டும் திரும்பி வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

"முதல்ல எனக்கு எடுங்க. எனக்கு இல்லேன்னா அவளுக்கு எடுக்கவே வேணாம்ல?"

"வேணாம். உனக்கு இருந்தா?"

"அவளுக்கும் எடுங்க. ரெண்டு பேருக்கும் இருந்து கல்யாணம் நின்னுபோனா, குறை எங்கிட்டதான்னு எங்க அக்காகிட்ட, அவ அம்மாகிட்ட சொல்லிருங்க. அவளை நாளைக்கு வேற ஒருத்தன் கட்டணும்ல."

பொய் சொல்ல மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊசியை எடுத்தேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், "அம்புட்டா வலிக்கல டாக்டரம்மா. அவகிட்ட சொல்லிர்றேன், பயந்துக்கிட்டு இருக்கா" என்றான்.

அவனுக்கு இல்லை என்று வரட்டும்.