நீ போகாத கிளினிக்

என்ட பூமணிக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த சனமெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. நேற்று நானே சோறு ஆக்கினேன், அடிப்பிடித்துவிட்டது. "இஞ்சேரு, தண்ணி எவ்வளவு விடுற?" என்று கிணற்றடிப் பக்கம் பார்த்துக் கேட்டும்விட்டேன். நாற்பது வருடத்துப் பழக்கம், வாய் கேட்குமா?

உனக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, புள்ள. அதையே நீயும் எனக்குச் சொல்லாமல் போய்விட்டாய்.

நம் ஒரே மகள் ஜெயந்தி, டவுனில் வயரிங் வேலை செய்யும், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பொடியனைக் கட்டிக்கொண்டு போன அன்று, "இனி இந்தக் கடப்பால அவள் உள்ள வரப்படாது" என்று கத்தினேன். நீ அவள் உடுப்புகளை மடித்து அலுமாரிக்குள் வைத்தாய். ஒன்பது வருடம். பேத்தி பிறந்த செய்தியைக்கூட ஊரார் சொல்லித்தான் கேட்டேன். கேட்டும் கேட்காத மாதிரி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மாதத்தில் ஒரு நாள் உனக்கு டவுன் ஆஸ்பத்திரியில் நெஞ்சு வருத்தத்துக்குக் கிளினிக். அந்த ஒரு நாளுக்கு மட்டும் நீ நல்ல சாறி உடுப்பாய். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் முதல் பஸ் எடுப்பாய். நான் மீனைக் குடுத்துவிட்டுப் பின்னேரம் வீடு வரும்போது நீ குசினிக்குள் நிற்பாய்.

நாலு வருடத்துக்கு முந்தி அப்படியொரு நாளில், வலைக்கு நூல் வாங்க நானும் டவுனுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. வாவிக்கரை மர வாங்கில் நீ குந்தியிருந்தாய். மடியில் நாலு வயதுப் பிள்ளை. நீ இடியப்பம் ஊட்ட, அது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நீயும் சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து எத்தனை காலம்? பக்கத்தில் ஜெயந்தி நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன்.

"கிளினிக்கில சனமா?" என்று பின்னேரம் கேட்டேன்.

"ஓம், சரியான சனம்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு உன் கிளினிக் நாளுக்கு முதல் நாள் மட்டும் நல்ல பெரிய இறாலை விற்காமல் எடுத்து வந்தேன். "ஒருத்தரும் வாங்கல்ல" என்று பொய் சொல்வேன். "அப்ப ஆஸ்பத்திரி நேர்ஸ் மிஸ்மாருக்குக் குடுக்கட்டா?" என்பாய். "குடு" என்பேன். அது யார் வீட்டுச் சட்டிக்குப் போகிறதென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிந்திருந்ததா, பூமணி? ஒரு சொல் கேட்டிருக்கலாமே. நானாவது சொல்லியிருக்கலாமே.

நீ போன அன்று காலை, வழமையைவிட நேரத்தோடு தோணியைக் கட்டிவிட்டு வந்தபோது நீ அரிசி களைந்தபடியே சரிந்து கிடந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "ஒழுங்கா மருந்து எடுத்தவவா?" என்று டொக்டர் கேட்டார். "மாதம் தவறாமக் கிளினிக் போறவ ஐயா" என்றேன்.

செத்த வீட்டுக்கு ஜெயந்தி வந்தாள். என்னைத் தாண்டி ஓடி உன் காலடியில் விழுந்தாள். அவள் புருஷன் வெள்ளைச் சேட்டோடு கடப்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. பெட்டி தூக்கும் நேரம் என்னால் தாங்க முடியவில்லை. நானே போய், "வாங்க மருமகன், உங்கட மாமிக்குத் தோள் குடுங்க" என்றேன். அவர் குழந்தை மாதிரி அழுதார். இந்த ஒரு வசனத்துக்கு ஒன்பது வருடமும் உன் சாவும் வேண்டியிருந்தது எனக்கு.

நாலாம் நாள் ஜெயந்தி உன் கைப்பையைத் திறந்தாள். கிளினிக் கொப்பியும் மருந்துக்கடை ரசீதுகளும் இருந்தன. கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவள் அதை என் பக்கம் நீட்டினாள்.

"அப்பா, இதில நாலரை வருஷமா ஒண்டும் எழுதல்ல. 'டொக்டருக்குக் காட்டிட்டுத்தான் வாறன்' எண்டுதானே எனக்குச் சொன்னவ. பழைய மருந்துத் துண்டைக் காட்டிக் கடையில குளிசை வாங்கியிருக்கிறா. நான் ஒரு நாளாவது கொப்பியக் கேட்கல்லயே!"

கிளினிக் வரிசையில் நின்றால் உச்சி சாய்ந்துதான் விடுவார்கள். நான் வருவதற்குள் வீடு திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமிருந்தது. நீ பிள்ளையைப் பார்க்கப் போனாய். வாவிக்கரையில் உன்னைக் கண்டது காலை பத்து மணிக்கு. இவள் இந்நேரம் இங்கே எப்படி என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"பிழை உன்டயில்ல மகள், என்ட" என்றேன். அவள் இல்லையென்று சொல்லவில்லை. என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

இப்போது ஞாயிறுகளில் அங்கே போகிறேன். பேத்தி அனிட்டாவின் முகத்தில் உன் நாடி. முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். இப்போது இனிப்புத் தேடி என் சேட்டுப் பையைத் தடவிப் பார்க்கிறாள். "அம்மம்மா இனிக் கிளினிக்குக்கு வரமாட்டாவா?" என்று ஒருநாள் கேட்டாள். ஜெயந்தி எழும்பி உள்ளே போய்விட்டாள்.

வாற மாதம் மாதா கோயிலில் அவளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறது. "அம்மப்பா, நீங்க கோயிலுக்குள்ள வருவீங்களா, வெளிய நிப்பீங்களா?" என்று கேட்டாள். பெரிய ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே வருவேன் என்று சொல்லியிருக்கிறேன், பூமணி. முன் வாங்கில் இருப்பேன். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று அவளே சொல்லித் தருவாளாம். என் முகத்துக்குப் பயந்து இனி இந்த வீட்டில் ஒருவரும் ஒளித்து அன்பு காட்ட வேண்டிய நிலை வராது. இது உன்மேல் சத்தியம்.

உன்ட மனிசன்,
ஜெயந்திட அப்பா,
அனிட்டாட அம்மப்பா.