கேமராவில் தெரிந்த மல்லாட்டை

ஆவணி 12, வியாழன்

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இன்று என் மானம் கேமராவில் போனது. வாய் வழியாகக் குழாயை விட்ட டாக்டர், "உள்ள ஒரே சாப்பாடா கெடக்குது. ஒண்ணும் தெரியல, அடுத்த வாரம் வாங்க" என்று உருவிவிட்டார்.

புற்றை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால், போன வருஷம் வயிற்றின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மேலையும் கீழையும் சேர்த்துத் தைத்தார்கள். இப்படி மிச்சம் வைத்த வயிறு மெதுவாகத்தான் காலியாகுமாம். அதனால் நேற்று முழுக்கக் கஞ்சித் தண்ணி மட்டும்தான் என்று உத்தரவு.

திரும்பி வரும்போது திண்டிவனம் பஸ்ஸில் என் மகள் செல்வி அழ ஆரம்பித்தாள். "மிச்சம் வைக்கச் சொன்னதே நான்தாம்பா. அந்த வயிறு வேலையே செய்யலியே. மொத்தமா எடுத்திருக்கணுமோ?"

என்னால் தாங்க முடியவில்லை. "வயிறு நல்லாத்தான் இருக்கும்மா. நேத்து சாயங்காலம் நீ கடைக்குப் போனப்ப அவிச்ச மல்லாட்டை தின்னுட்டேன்."

"எவ்ளோ?"

"உனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சேன்."

அழுதுகொண்டே சிரித்தாள். "லீவுக்கு அந்த மேனேஜர்கிட்ட கெஞ்சிக்கினு கெடக்கறேன், நீ மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தியா? நாக்காப்பா அது? உன்னோட ஒரே பேஜாரு!"

நானும் சிரித்துவைத்தேன். அடுத்த வாரமும் அவள் போய்க் கெஞ்ச வேண்டும்.

ஆசையில் தின்றேன் என்று நம்பித் தூங்குகிறாள். அந்த வேர்க்கடலையில் உப்புகூட இல்லை. வயிறு நிறைந்திருந்தால் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் தின்றேன். பார்க்காவிட்டால், மறுபடி வந்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாதே.